டெஸ்பாட்ச் ஆயிற்றா? – ஓர் ஆங்கில வினைச்சொல்லின் தில்லி வாழ்க்கை

நான் தில்லிக்கு வந்தது 1973-ஆம் ஆண்டு. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி, கரோல்பாகில் ஒரு பர்சாத்தியில் நான்கு பேரோடு தங்கினேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி. வேலை. முதல் நாளே செக்ஷன் ஆபீசர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மதராஸியா? கையெழுத்து நன்றாக இருக்கும். டெஸ்பாட்சில் உட்காரட்டும்" என்றார். அன்றிலிருந்து மூன்றரை வருஷம் அந்தச் சொல்லோடுதான் குடித்தனம். "டிஸ்பேச் ஹோ கயா?" என்று நாள் முழுக்க யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "ஹோ கயா ஜி" என்று நானும் சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்தப் பதில் எப்போது உண்மை, எப்போது பொய் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஆங்கிலத்துக்கு இது சொந்தச் சொல் அன்று. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசுத் தூதர்களின் கடிதப் போக்குவரத்து வழியாக, இத்தாலிய 'டிஸ்பாச்சியாரே' அல்லது ஸ்பானிய 'தெஸ்பச்சார்' என்ற வினையிலிருந்து வந்தது என்பர். 'தடையை நீக்கு, காரியத்தைச் சீக்கிரம் முடி' என்பதுதான் அங்கே அடிப்படைப் பொருள். ஸ்பானிய மொழியில் 'தெஸ்பாச்சோ' என்றால் இன்றும் அலுவலக அறை என்று ஒரு பொருள் உண்டு. ஆகவே இந்தச் சொல்லுக்கும் ஆபீசுக்கும் உள்ள உறவு நம் தில்லியில் ஏற்பட்டதல்ல. பழைய உறவு.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் முதலெழுத்துக்குப் பின் 'ஐ' போட்டு எழுதுவதே பழைய வழக்கம். 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் அது 'ஈ' என்ற எழுத்தோடு பதிவாகிவிட்டது. ஜான்சனே தம் எழுத்தில் 'ஐ'யைத்தான் பயன்படுத்தினார் என்பர். ஆனாலும் அகராதி நிலைநிறுத்திய 'ஈ' கடல் கடந்து வந்து நம் ரிஜிஸ்தர்களின் அட்டையில் உட்கார்ந்துவிட்டது.

பொருளுக்கு வருவோம். அனுப்புதல் ஒன்று, வேலையை விரைந்து முடித்தல் இன்னொன்று, ஆளைத் தீர்த்துக்கட்டுதல் மூன்றாவது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். தமிழில் 'விடு' என்ற வினையை அருகில் வைத்துப் பார்த்தால் புதிர் அவிழ்ந்துவிடும். கட்டிலிருந்து விடுவது 'விடு'; அனுப்புவதும் 'விடு'. நெஞ்சுவிடு தூது, தமிழ்விடு தூது என்று நூல்களுக்கே பெயர் இருக்கிறது. கடிதத் தலைப்பில் அனுப்புநர் என்று போடுவதை 'விடுநர்' என்று எழுதுவோரும் உண்டு. அதே சொல் துணைவினையாக வந்தால் செயல் முடிந்தது என்று பொருள்: சாப்பிட்டுவிட்டேன், எழுதிவிட்டேன். "அனுப்பிவிட்டேன்" என்று நாம் சொல்லும்போது, நம்மை அறியாமலே அனுப்புதலையும் முடித்தலையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். பேச்சில் அது "அனுப்பிட்டேன்" என்று இன்னும் சுருங்கிவிடுகிறது. ஆனால் அனுப்பியவருக்கு முடிந்த காரியம் பெறுபவருக்கு இன்னும் தொடங்கவே இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சொல் இந்தியாவுக்குள் வந்தது கம்பெனி ஆட்சியோடு. லண்டனில் இருந்த டைரக்டர்கள் இங்குள்ள கவர்னர்களுக்கு எழுதிய ஆணைக் கடிதங்களுக்கு 'டெஸ்பாட்ச்' என்றே பெயர். பத்திகளுக்கு எண் போட்டு எழுதுவார்கள். அந்த எண்ணைச் சுட்டி இங்கிருந்து பதில் போகும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த நாட்களில் ஒரு கடிதம் வந்து சேர ஐந்தாறு மாதம் ஆகும். கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல். விரைவு என்று பொருள்படும் சொல்லுக்கு இப்படி ஒரு வாழ்க்கை! இவற்றுள் நம் பள்ளிப் புத்தகங்களில் இடம்பிடித்தது 1854 ஜூலையில் வந்த சார்லஸ் உட்டின் கல்வி டெஸ்பாட்ச். அதன் பயனாக 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு தில்லிக்கும் சிம்லாவுக்கும் ரயிலேறிய தமிழ்க் குமாஸ்தாக்கள் எல்லோரும் ஒருவகையில் அந்த டெஸ்பாட்சின் பேரப்பிள்ளைகளே.

தலைநகர் தில்லிக்கு மாறும் என்று 1911 டிசம்பர் 12 அன்று தர்பாரில் அறிவித்தார்கள். சிவில் லைன்ஸ் பகுதியில் தற்காலிகச் செயலகம் எழுந்தது. 1931-இல் புதுதில்லி முறைப்படி திறக்கப்பட்டது. கோடையில் அரசாங்கம் சிம்லாவுக்குப் போனால் பைல்களும் கூடவே மலையேறும். இத்தனை காகிதத்தையும் வாங்கவும் அனுப்பவும் தனிப் பிரிவு தேவைப்பட்டது. 'ஆர் அண்ட் ஐ' என்று அதற்குப் பெயர். வாங்குவதும் வெளியிடுவதும் என்று அர்த்தம். வினைச்சொல்லாக வந்தது இங்கே ஓர் அறையாகவும் ஒரு ரிஜிஸ்தராகவும் ஒரு மனிதனாகவும் ஆகிவிட்டது. அந்த மனிதனுக்கு 'டெஸ்பாட்சர்' என்று பெயர்.

என் மேஜையில் நடந்தது இதுதான். கையெழுத்தான கடிதம் வரும். ரிஜிஸ்தரில் நம்பர், தேதி, முகவரி, எத்தனை பைசா ஸ்டாம்ப் என்று எழுதுவேன். உள்ளூர்க் கடிதமானால் பியூன் புக்கில் ஏற்றி சைக்கிளில் அனுப்புவேன். வெளியூரானால் சர்வீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தபாலுக்குக் கொடுப்பேன். இதில் மூன்று தேதிகள் உண்டு: கடிதத்தின் மேல் இருக்கும் தேதி, ரிஜிஸ்தர் தேதி, தபால் முத்திரையின் தேதி. மூன்றும் ஒன்றாக இருந்தால் அது புண்ணிய நாள்.

1976 மார்ச்சில் ஸ்டாம்ப் தீர்ந்துபோயிற்று. புதிய இண்டென்ட் வரும்வரை கவர்கள் மேஜையில் மலையாகக் குவிந்தன. மேலே இருந்தவர், "ரிஜிஸ்தரில் ஏற்றிவிடப்பா, இன்ஸ்பெக்ஷன் வருகிறது, ஸ்டாம்ப் வந்ததும் போகட்டும்" என்றார். நானும் ஏற்றினேன். காகிதத்தில் எல்லாம் போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

மே மாதம் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலைக்குத் தேர்வான ஓர் இளைஞர் எழுதியிருந்தார். பதினைந்து நாளுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்று நாங்கள் அனுப்பிய கடிதம், கெடு முடிந்து ஆறு நாள் கழித்தே அவர் கையில் கிடைத்திருந்தது. அவர் பதில் போடுவதற்குள் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அத்தாட்சியாக அசல் உறையையே இணைத்திருந்தார். உறையில் இருந்தது என் கையெழுத்து. முத்திரைத் தேதிக்கும் என் ரிஜிஸ்தர் தேதிக்கும் பத்தொன்பது நாள் இடைவெளி.

பிராஞ்ச் ஆபீசர் கூப்பிட்டு, ரிஜிஸ்தரையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது நிஜம்?" என்று கேட்டார். ரிஜிஸ்தர்தான் என்று சொல்லியிருந்தால் பழி தபால் இலாகாவின் தலையில் விழுந்திருக்கும். கேட்க ஆளில்லை. எனக்கு வாய் வரவில்லை. உறையைத் தொட்டுக் காட்டினேன். எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. அவருக்கு எட்டு மாதம் கழித்து வேறொரு காலியிடத்தில் வேலை கிடைத்தது. ஆனால் சீனியாரிட்டி போனது போனதுதான். பிற்பாடு அவர் தில்லிக்கு வந்தபோது நான்தான் என்று சொல்லிக்கொண்டேன். "விடுங்க அண்ணாச்சி" என்றார். அந்த 'விடு'வுக்கு எந்த அகராதியிலும் நான் பொருள் தேடவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று படிக்கத் தொடங்கினேன். 1897-ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, 'சர்வ்', 'கிவ்', 'செண்ட்' என்று எந்த வினையைப் போட்டாலும், சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் சேர்த்தால்தான் அனுப்பியதாகக் கொள்ளலாம் என்கிறது. ரிஜிஸ்தரில் ஏற்றுவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

நம் உச்ச நீதிமன்றமும் இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறது. 1966-இல் தீர்ப்பான அமர் சிங் ஹரிகா வழக்கில், 1949 ஜூன் 3-ஆம் தேதியிட்ட ஒரு பணிநீக்க ஆணை, சம்பந்தப்பட்டவருக்கு 1951 மே 28 அன்றுதான் தெரியவந்தது. பைலில் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால் ஆணை ஆகாது. அவருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் அது செல்லும் என்றது நீதிமன்றம். 1969-இல் தீர்ப்பான கேமி ராம் வழக்கு வேறு மாதிரி. ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த அதிகாரியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து தந்தி அனுப்பியிருந்தார்கள். அங்கே, ஆணை அரசின் கையை விட்டு வெளியே போய்விட்டால் போதும், இனி மனம் மாற வழியில்லை என்பதால் அது செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஒன்று சேர்ந்த நாளைப் பார்த்தது; மற்றது கைவிட்டுப் போன நாளைப் பார்த்தது. மேஜையில் குவிந்து கிடந்த நாளை இரண்டுமே கணக்கில் எடுக்கவில்லை.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆவது பிரிவும் இதையேதான் சொல்கிறது: மின்பதிவு, அனுப்புபவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பால் உள்ள கணினிக்குள் நுழையும்போதுதான் டெஸ்பாட்ச் ஆகிறது. பழைய 'விடு'தான், கையை விட்டால்தான் விட்டதாகக் கணக்கு.

இன்று பியூன் புக்கைப் பார்த்தவர்கள் குறைவு. தந்தி 2013 ஜூலையோடு நின்றது. பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டது. அலுவலகங்களில் இ-ஆபீஸ் வந்துவிட்டது. மணி, நிமிஷம் எல்லாம் தானே பதிவாகிறது. நல்லதுதான். ஆனாலும் பென்ஷன் விஷயமாகப் போன இடத்தில், "அனுப்பியாச்சே சார், சிஸ்டத்தில் இருக்கே" என்று ஒரு பிள்ளை சொன்னபோது என் பழைய ரிஜிஸ்தர் நினைவுக்கு வந்தது. கோபப்படவில்லை. "அனுப்பியாச்சு சரி தம்பி, போய்ச் சேர்ந்ததா?" என்று மட்டும் கேட்டேன். பையன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினான்.