மூடியின் உட்பக்கம்

அம்மாச்சியின் பலாமரப் பெட்டியைப் பார்க்க வந்த ஆசாரி, மூடியைத் திருப்பித் தடவிவிட்டுச் சொன்னார்: "உள்ள பூரா கீறலா இருக்கு டீச்சர். ஒரு இழைப்பு இழைச்சாப் புதுசாயிடும்." தொழில் தெரிந்தவர் சொல்வது அது. நானும் தலையாட்டிவிட்டேன். அடுப்படியிலிருந்து வந்த அம்மாதான் தடுத்தாள். "அது கீறல் இல்ல. உங்க அம்மாச்சி கணக்கு."

ஆணி முனையால் போட்ட சிறு கோடுகள். அம்மாச்சிக்கு எழுதத் தெரியாது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கைமாத்தாகக் கொடுத்த காசும் நெல்லும் அந்த மூடியில் ஏறியிருக்கின்றன. ஒரு வரிசைக்கு ஒரு பெண். கொடுக்கக் கொடுக்கக் கோடு. திரும்பி வந்துவிட்டால் வரிசை முழுக்கக் குறுக்கே ஒரு வெட்டு. தாத்தாவின் கணக்கு நோட்டுகள் இன்னும் மாமா வீட்டு பீரோவில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றை யாரும் கீறல் என்று சொன்னதில்லை.

ஆசாரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

பெட்டி எங்களிடம் வந்ததற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்றது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல்தான் வந்தது என்பதால் நாம் பெருமையோடு குறிப்பிடும் சட்டம் இது. ஆனால் அது நடைமுறைக்கு வந்த 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு அது பொருந்தாது. அம்மாவின் கல்யாணம் 1970களில். தாத்தா இறந்தபின் அவர் பாகத்திலிருந்து வரவேண்டிய சிறு பங்கையும் அம்மா விடுதலைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். "அண்ணன் தம்பி முகத்துல முழிக்கணும்ல." அவளுடைய கையெழுத்து பதிவு அலுவலகத்தில் இருப்பது அந்த ஒரு பத்திரத்தில்தான்.

பதிலுக்குப் பெட்டி வந்தது. அதைத் தான் விட்டுக்கொடுத்ததாக மாமா இன்றும் சொல்வார். அது அம்மாச்சியின் சீதனம். பழைய மிதாக்ஷரா முறையிலேயே பெண்ணின் சீதனம் முதலில் மகள்களுக்குத்தான் போகும். மகன்களையும் சம வாரிசாக அதில் சேர்த்தது 1956ஆம் ஆண்டுச் சட்டம். (பெண்கள் கையிலிருந்த சொத்தில் அவர்களுக்கு இருந்த வரம்புள்ள உரிமையை முழு உரிமையாக்கியதும் அதே சட்டம்தான் என்பதால் அதைத் திட்டவும் மனம் வரவில்லை.) ஆக, சாஸ்திரமே மகளுக்கென்று வைத்திருந்த ஒன்று, நிலத்துக்கு ஈடாக அவளுக்குக் கொடுக்கப்பட்டது.

பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஏதோ ஒரு பொங்கலுக்கு அடித்த பச்சை எனாமல். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த மேனிக்கு உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகும். நனைத்து நனைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு சுரண்டினேன். பச்சைக்கு அடியில் பழுப்பாக ஒரு பூச்சு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்ததும் அது பிசுபிசுவென்று கரைந்து வந்தது. அரக்கு. அதையே மறுபடி பூசுவதென்று தீர்மானித்தேன்.

அரக்கு ஒரு பூச்சியின் சுரப்பு. குஞ்சு கிளையில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும்போது சுரந்து, தன்னைச் சுற்றி மூடிக்கொள்கிறது. ஆண்பூச்சி வளர்ந்ததும் வெளியே வந்துவிடும். பெண்பூச்சி வராது; கால்கள் அற்றுப்போய், உள்ளேயே முட்டையிட்டு உள்ளேயே சாகும். நமக்குக் கிடைக்கும் அரக்கில் பெரும்பகுதி பெண்பூச்சியுடையது. கவிதை எழுதுகிறவளுக்கு இது கையில் வந்து விழுந்த உவமை. வேண்டாம், பூச்சி பூச்சியாகவே இருக்கட்டும். எனக்கு அதைவிட முக்கியம், ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் குசும், புரசு, இலந்தை மரங்களில் அரக்கு வளர்க்கும் ஆதிவாசிக் குடும்பங்களின் பெண்கள். குச்சியிலிருந்து அரக்கைச் சுரண்டி எடுக்கும் கைகள் பெரும்பாலும் அவர்களுடையவை. கே.பி. சுந்தராம்பாளின் பழைய இசைத்தட்டுகள்கூட அரக்குக் கலவையில் வார்த்தவைதான். தட்டின் மேல் ஒட்டிய தாளில் பாடியவரின் பெயராவது இருந்தது.

அரக்குச் செதில்களை ராத்திரி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, மறுநாள் வடிகட்டி, பஞ்சைத் துணியில் சுருட்டி மெல்லிசாகப் பூச வேண்டும். ஒன்று காய்ந்தபின் அடுத்தது. அவசரப்பட்டு மழை நாளில் பூசிய பக்கம் பால் தெளித்தாற்போல் வெளுத்துவிட்டது. கரைத்தெடுத்து மறுபடி தொடங்கினேன். ஒரு கீல் இன்னும் சரியாக உட்காரவில்லை.

மூடியின் உட்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தாள். வெட்டு விழாத வரிசைகள் 4. அதில் இரண்டு யாருடையவை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டேன். பெயரைச் சொல்ல மறுத்துவிட்டாள்.