கம்பெனி நடத்திய தமிழ் வகுப்பு!

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வருஷம் 1801. ஆற்காடு நவாபின் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரும் அதில் அடக்கம். 'மழை பொய்த்துப்போச்சு துரை, வரியைக் குறைக்கணும்' என்று ஒரு விவசாயி கும்பிடுகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் இருபது வயசு வெள்ளைக்கார இளைஞனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பக்கத்தில் நிற்கும் துபாஷைப் பார்க்கிறான். துபாஷ் சொல்வதுதான் மனு. துபாஷ் சொல்வதுதான் தீர்ப்பும்!

இன்று கம்பெனிகளில் 'ட்ரெயினிங் ப்ரோக்ராம்' என்கிறார்களே, அதன் தேவையை கம்பெனி உணர்ந்தது இப்படித்தான். கல்கத்தாவில் வெல்லஸ்லி 1800-ல் வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். லண்டன் டைரக்டர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவு செலவா?' என்று அலறினார்கள். (பயிற்சிக்கான பணத்தைச் செலவு என்று எழுதுவதா, முதலீடு என்று எழுதுவதா? பி.காம். படித்த எனக்கே இன்னும் குழப்பம்தான்!) கடைசியில் அது வெறும் மொழிக் கல்லூரியாகச் சுருங்கியது. பொதுப் படிப்புக்காக 1806-ல் இங்கிலாந்திலேயே ஒரு கல்லூரி வைத்துக்கொண்டார்கள்.

சென்னைக்கு வாய்த்தவர் எல்லிஸ் துரை. 1812-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி பிறந்தது. புதிதாகக் கப்பலில் வந்து இறங்கும் சிவிலியன்கள் தமிழ், தெலுங்கு என்று இங்கத்திய மொழிகளைப் படித்துத் தேறினால்தான் சம்பளம் ஏறும். எல்லிஸ் இன்னொன்றும் செய்தார். துரைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நம்மூர் ஆசிரியர்களுக்கும் அங்கேயே பயிற்சி. வாத்தியார் சரியில்லை என்றால் மாணவனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

இதன் பலனைப் பாருங்கள். பாடப் புத்தகம் வேண்டுமே! அங்கே தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையில் எழுதினார். 1826-ல் அச்சானது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே வீரமாமுனிவரின் சதுரகராதியும் அச்சேறியிருந்தது. எல்லாவற்றையும்விட, பல மொழிப் பண்டிதர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்ததால், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816-லேயே எல்லிஸால் எழுத முடிந்தது. கால்டுவெல் புத்தகம் வருவதற்கு 40 வருஷம் முன்பு! ஊழியர் பயிற்சிக்காக ஆரம்பித்த இடத்தில் கிடைத்த உபரி லாபம் இது.

எல்லிஸ் 1819-ல் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். கல்லூரியை 1854-ல் மூடிவிட்டார்கள். நுங்கம்பாக்கத்தில் அதன் பெயரை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது காலேஜ் ரோடுதான்.

சரி, ஓமந்தூர்? 1947 மார்ச் மாதம் அந்த ஊர் விவசாயக் குடும்பத்து ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போது முதலமைச்சருக்கு அதுதான் பெயர். ஜமீன் நிலங்களை ரயத்துவாரிக்குக் கொண்டுவரும் மசோதாவை சட்டசபை நிறைவேற்றியது அவர் காலத்தில்தான். கோட்டையில் விவசாயியின் வரியைப் பற்றிப் பேச, அவருக்கு துபாஷ் தேவைப்படவில்லை.