மோட்டார் சைக்கிள் இடைவழியில் நிற்கிறதா? பெற்றோல் வரும் வழியைப் பாருங்கள்

அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிச் சென்றபோது, பாதுகாப்பற்ற ரயில் கடவை ஒன்றின் நடுவே எனது மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. நல்லவேளை, ரயில் வரவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்தோம். பத்து நிமிடம் கழித்து உதைத்தபோது, எதுவுமே நடக்காததுபோல ஸ்ரார்ட் ஆகியது.

அதற்கு முந்திய இரண்டு வாரங்களாகவே அது இப்படித்தான் நின்று நின்று ஓடியது. பிளக்கை மாற்றினேன். கராஜில் கொடுத்துக் காபரேற்றரையும் கழுவினேன். பயனில்லை.

அப்பா, 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. "மேலையிருந்து கீழை பார்த்துக்கொண்டு வா" என்றார். அந்த ஒழுங்கையே இங்கு தருகிறேன். இயந்திரம் ஆறிய பிறகு, திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

முதலில் தாங்கியின் மூடி. அதிலுள்ள சிறு துளை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெற்றோல் கீழே இறங்கும். துளை தூசியால் அடைபட்டால் சில கிலோமீற்றரில் வண்டி நின்றுவிடும். சிறிது நேரத்தில் மீண்டும் ஓடும். நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளிழுபட்டு, வண்டியும் ஸ்ரார்ட் ஆனால் குறை அங்கேதான். எனது வண்டியின் குறையும் அதுவே.

அடுத்தது குழாய். காபரேற்றரில் இருந்து அதைக் கழற்றிப் போத்தல் ஒன்றுக்குள் விட்டு, பெற்றோல் திறப்பைத் திறவுங்கள். தொடர்ச்சியாக ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் திறப்பிலோ வடியிலோ அடைப்பு இருக்கிறது.

மூன்றாவது காபரேற்றர். அதன் அடியிலுள்ள வடிகால் திருகாணியைத் தளர்த்துங்கள். பெற்றோல் வராவிட்டால் மிதவை ஊசி சிக்கியிருக்கலாம். வடிந்ததில் அடியில் குமிழ்போலத் தங்குவது தண்ணீர். மாரி காலத்தில் இது அதிகம். சோக் போட்டால் மட்டும் ஓடி, மெதுவோட்டத்தில் நின்றால் சிறிய ஜெற்றைச் சந்தேகியுங்கள். மெதுவோட்டம் சரியாக இருந்து, முறுக்கும்போது திணறினால் பெரிய ஜெற். கம்பியால் குத்தாதீர்கள், துளை பெருத்துவிடும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

கடைசியாக பிளக். பலமுறை உதைத்த பின்னும் அது காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பொறியைப் பாருங்கள்.

காபரேற்றர் இல்லாத, எரிபொருளைப் பீச்சும் புதிய வகை வண்டிகளில் குழாயைக் கழற்ற வேண்டாம். உள்ளே அழுத்தம் இருக்கும். சாவியைத் திருப்பியதும் சில விநாடி பம்பின் இரைச்சல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூஸைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வடித்தெடுத்த பெற்றோலைக் குடிநீர்ப் போத்தலில் வீட்டுக்குள் வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடக்கூடும்.

எனக்குச் செலவானது ஓர் ஊசியும் ஐந்து நிமிடமும்தான். நின்று நின்று ஓடும் வண்டியைத் தானாகத் திருந்திவிட்டது என்று நம்பி, யாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.