கடலோரக் காவலரும் குடும்ப வரலாற்று ஆய்வும்

தம் முன்னோர் ஒருவர் கடலோரக் காவற்படையில் பணியாற்றினார் என்ற செவிவழிச் செய்தியோடு பழைய ஏடுகளைத் தேடப் புகுவோர் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் பலர். குடும்பப் பெருமையை நாடும் முயற்சியென இதனை வரலாற்றாசிரியர் சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சாதாரண ஊழியன் ஒருவனை அரசு எவ்வாறு பயன்படுத்தியது, எங்கெங்கு அனுப்பியது, எவ்வாறு பதிவு செய்தது என்பனவற்றை இத்துணைத் தெளிவாகக் காட்டும் ஆவணங்கள் சிலவே.

இப்படை எதன்பொருட்டுத் தோன்றியது என்பதை அறியாது அதன் ஏடுகளை விளங்கிக்கொள்ள இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டில் தேயிலை, பிராந்தி, புகையிலை முதலியவற்றின்மீது விதிக்கப்பட்ட கடுந்தீர்வை கள்ளக்கடத்தலைக் கரையோர மக்களின் பிழைப்புகளுள் ஒன்றாக்கிற்று. 1784 இல் தேயிலைத் தீர்வை நூற்றுக்கு 119 இலிருந்து 12½ ஆகக் குறைக்கப்பட்டமை, கடத்தலை வளர்த்தது தீர்வையே என்பதற்கு ஆட்சியாளர் தாமே அளித்த சாட்சியமாகும். ஆயினும் பிரான்சுடனான போர்களின் செலவு தீர்வைகளை மீண்டும் உயர்த்தியது. 1809 இல் கடல்வழித் தடுப்புக் காவல் அமைக்கப்பட்டது. 1822 இல் அதுவும், சுங்கக் கப்பல்களும், குதிரையேறிக் கரையைச் சுற்றிவந்த உத்தியோகத்தரும் ஒன்றிணைக்கப்படக் கடலோரக் காவற்படை உருவாயிற்று. 1856 இல் அது சுங்கச் சபையிடமிருந்து கடற்படைத் தலைமையின் கைக்கு மாறியது.

ஆய்வாளருக்கு இடரும் துணையுமாக அமைவது ஒரே விதிதான். காவலனைச் சொந்த ஊருக்கு அண்மையில் அமர்த்தலாகாது; ஓரிடத்தில் நெடுங்காலம் விட்டுவைத்தலும் ஆகாது. ஊராரோடு உறவு கொண்டவன் ஊராரின் சரக்கைக் காணாதிருப்பான் என்பதே அச்சம். கடலையே நம்பி வாழ்ந்த ஒருவனைத் தன்னையொத்த கரையோர மக்கள்மீது ஏவுவதற்கு முதலில் அவனை அந்நியனாக்க வேண்டியிருந்தது. ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பதும் அரிதாகவே, காவலர் குடும்பங்களுக்கென வரிசை வீடுகள் தனியே கட்டப்பட்டன. அவ்வரிசைகள் பல இன்றும் நிற்கின்றன.

இலண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் ஏ.டி.எம். 175 என்னும் தொகுதியில் காவற்படையின் பணியேடுகள் உள்ளன. (எமது நாட்டின் குடியேற்றக்காலக் கடிதங்களான சி.ஓ. 54 தொகுதியும் அதே கட்டடத்திலேயே உள்ளது.) இவ்வேடுகள் நிலையங்களின் வரிசையில் எழுதப்பட்டவை. ஆளின் பெயர், படகோட்டி அல்லது தலைமைப் படகோட்டி என்ற தரம், நியமன நாள், எங்கிருந்து வந்தான், எங்கு மாற்றப்பட்டான் என்பன அவற்றிற் காணப்படும். நிலையத்தின் பெயர் தெரியாதவர் திகைத்து நிற்பர். அவர்களுக்குக் கைகொடுப்பது குடிசன மதிப்பு ஏடு. 1841 ஆம் ஆண்டின் இங்கிலாந்து ஏடு ஒருவர் அதே கவுண்டியிற் பிறந்தவரா என்பதை மட்டுமே சொல்லும். 1851 ஆம் ஆண்டினது பிறந்த திருச்சபைப் பிரிவையே குறிக்கும். மூத்த பிள்ளை கோர்ன்வாலிலும் அடுத்தது கென்டிலும் கடைக்குட்டி நோர்போக்கிலும் பிறந்திருப்பின், தந்தையின் இடமாற்றங்களை நாம் பிள்ளைகளின் பிறப்பிடங்களில் வாசிக்கலாம். பணியேடு ஆணை மட்டுமே அறியும். புது நிலையந்தோறும் குடும்பத்தை மீண்டும் நிலைநாட்டிய பெண்ணின் சுவடு பிள்ளைகளின் வழியாகவே எமக்குக் கிட்டுகின்றது.

அயர்லாந்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே காவலன் வரி தேடும் அந்நிய அரசின் கண். எனினும் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்த பெரும் பஞ்சத்தின்போது காவல் நிலையங்களே சோளமா விநியோக நிலையங்களாகவும் பயன்பட்டன. 1846 இல் அயர்லாந்துக் காவற்படைத் தலைவரான சேர் ஜேம்ஸ் டொம்பிரெயின், மேற்குக் கரையில் பட்டினியால் வாடியோருக்கு மாவை இலவசமாக வழங்கச் செய்தார். திறைசேரியின் சார்ள்ஸ் திரெவெலியன் அதற்காக அவரைக் கண்டித்தார். 1859 இல் சென்னையின் ஆளுநராக வந்தவரும் இதே திரெவெலியனே. கொள்கையை வகுத்தவரும் பசித்தவரை நேரிற் கண்டவரும் ஒரே அரசின் ஊழியராயினும் ஒரே வகையில் நடந்துகொள்ளவில்லை. ‘காவலன் அடக்குமுறையின் கருவி’ என்று கூறி அமைவது எளிது. ஏடுகள் அதனினும் கூடுதலாகச் சொல்லுகின்றன.

ஆனால் எவருடைய ஏடுகள்? 1922 யூன் இறுதியில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் பொது ஆவணக்கூடம் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரையான அயர்லாந்துக் குடிசன ஏடுகளிற் பெரும்பகுதி அதில் அழிந்தது. 1861, 1871 ஆம் ஆண்டுகளின் ஏடுகளை அரசே முன்னர் அழித்திருந்தது. 1881, 1891 ஆம் ஆண்டுகளினவோ முதல் உலகப் போர்க்காலத்திற் கடதாசிக் கூழாயின. காவற்படைப் பணியேடுகள் இலண்டனில் இருந்தமையால் தப்பின. எனவே 1840களில் மாயோக் கரையிற் பணிபுரிந்த படகோட்டி ஒருவன் எங்கிருந்து வந்தான், எங்கு போனான் என்பதை அவனுடைய வழித்தோன்றல் இன்று அறியக்கூடும். அவன் இரவிரவாகக் கண்காணித்த குடிசைகளில் வாழ்ந்தோரின் வழித்தோன்றல்களுக்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கோயிற் பதிவேடும் நிலவரி மதிப்பீட்டில் குடும்பத் தலைவனின் பெயருள்ள ஒரு வரியுமே.