பக்கத்து கோள் எவ்வளவு தூரம்? பாடப்புத்தகப் படத்தில் தெரியாத சூரிய குடும்பத்தின் இடைவெளி!

சூரிய குடும்பம் என்றதும் நம்ம கண்முன் வருவது பள்ளிப் பாடப்புத்தகப் படம்தான். எட்டு கோள்களும் ரேஷன் கடை வரிசை மாதிரி அடுத்தடுத்து நிற்கும். ஆனால் நிஜத்தில் இந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவுக்கு மாறுபடுகின்றன.

சராசரி இடைவெளி எவ்வளவு?

அடுத்தடுத்த கோள்களின் சுற்றுப்பாதைகளுக்கு இடையே உள்ள தோராயமான தூரம் இது:

• புதன் - வெள்ளி: 5 கோடி கி.மீ.
• வெள்ளி - பூமி: 4.1 கோடி கி.மீ.
• பூமி - செவ்வாய்: 7.8 கோடி கி.மீ.
• செவ்வாய் - வியாழன்: 55 கோடி கி.மீ.
• வியாழன் - சனி: 65 கோடி கி.மீ.
• சனி - யுரேனஸ்: 144 கோடி கி.மீ.
• யுரேனஸ் - நெப்டியூன்: 162 கோடி கி.மீ.

செவ்வாயைத் தாண்டியதுமே தூரம் எகிறுவதைக் கவனிங்க. சூரியனில் இருந்து சனி வரை உள்ள மொத்த தூரமும், சனியில் இருந்து யுரேனஸ் வரை உள்ள இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது செவ்வாய் ஒன்றரை மீட்டரில் இருக்கும். அதாவது, முதல் நான்கு கோள்களும் ஒரு கட்டில் நீளத்துக்குள் அடங்கிவிடும். வியாழன் 5 மீட்டரில் இருக்கும். நெப்டியூனை வைக்க 30 மீட்டர், அதாவது சுமார் 100 அடி தள்ளிப் போகணும்.

வாயேஜர் 2 காட்டிய உண்மை

1979 ஜூலையில் வியாழனைக் கடந்த நாசாவின் வாயேஜர் 2 விண்கலம், 1981 ஆகஸ்டில் சனியை அடைந்தது. அதற்கு இரண்டே ஆண்டுதான். ஆனால் அடுத்த கோளான யுரேனஸுக்குப் போய்ச் சேர்ந்தது 1986 ஜனவரியில். இடையில் நாலரை ஆண்டு வெறும் பயணம்தான்!

தூரம் மாறிக்கொண்டே இருக்கும்

மேலே சொன்னது பாதைகளுக்கு இடையே உள்ள தூரம். கோள்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் உண்மையான தூரம் தினமும் மாறும். பூமியை மிக அருகில் நெருங்கும் கோள் வெள்ளி. சுமார் 4 கோடி கி.மீ. ஆனால் அது சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் 26 கோடி கி.மீ. தள்ளிப் போய்விடும். புதன் அவ்வளவு தூரம் விலகாது. அதனால் எல்லா நாளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பூமிக்கு அதிக நெருக்கம் புதன்தான்.

செவ்வாயும் அப்படித்தான். நெருங்கும்போது சுமார் 5.6 கோடி கி.மீ. வரை வரும், விலகினால் 40 கோடி கி.மீ. வரை போகும். அதனால்தான் செவ்வாய்க்கு விண்கலம் அனுப்ப ஏற்ற நேரம் சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது.

2013 நவம்பர் 5-ல் கிளம்பிய இஸ்ரோவின் மங்கள்யானும் அப்படி ஒரு வாய்ப்பைப் பிடித்துத்தான் போனது. ஓடுகிற கோளைத் துரத்திப் பிடிக்க வளைந்த பாதையில் 65 கோடி கி.மீ.க்கு மேல் பயணித்து, 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயை அடைந்தது. இத்தனைக்கும் இரண்டு கோள்களின் பாதைகளுக்கு இடையே இருப்பது வெறும் 7.8 கோடி கி.மீ.தான்!