கவுட் வராத பெண்கள்

கவுட் என்னும் மூட்டுநோய்க்கு ஐரோப்பாவில் ஓர் அந்தஸ்து இருந்தது. விருந்தும் மதுவுமாக வாழ்ந்த கனவான்களின் நோய் அது. கேலிச்சித்திரங்களில்கூட அவர்களுடைய வீங்கிய காலுக்கு ஒரு முக்காலி உண்டு.

பாரிஸின் சால்பெத்ரியேர் வேறு உலகம். வெடியுப்புத் தொழிற்கூடமாக இருந்து, 17ஆம் நூற்றாண்டில் ஏழைப் பெண்களையும் முதியவர்களையும் மனநோயாளிகளையும் பாலியல் தொழிலாளர்களையும் அடைத்துவைக்கும் இடமானது. 1800இல் அங்கிருந்த 28 வயது மருத்துவர் லாந்த்ரே-போவே, தம் பட்ட ஆய்வேட்டில் மூட்டுகள் வீங்கி முடங்கிய 9 பேரை விவரித்தார். ஒன்பது பேரும் பெண்கள். விருந்தே காணாத இவர்களுக்கு வந்தது வேறொரு நோய் என்று அவர் கண்டுகொண்டார். ஆனால் பெயர் வைக்கும்போது ‘பலவீனக் கவுட்’ என்ற பொருளில்தான் வைத்தார். பெண்ணுக்கு வந்ததும் நோயே பலவீனமாகிவிட்டது! ‘ருமடாய்ட் ஆர்த்ரைட்டிஸ்’ என்ற தனிப்பெயரை 1859இல் ஆல்ஃபிரட் கேரட் கொடுத்தார். நாம் முடக்குவாதம் என்கிறோம்.

இந்த நோய் மூட்டோடு நிற்பதில்லை என்பதைப் படித்தபோது நான் தோலைப் பற்றியே தொடர்ந்து படித்தேன். முழங்கையில் பெரும்பாலும் வலியில்லாத கட்டிகள் வரும். என் பெரியம்மா தம் கட்டியைத் “தரையில ஊன்றி ஊன்றிக் காய்ச்சுப்போச்சு” என்பார். பாதி சரிதான், அழுத்தம் படும் இடங்களில்தான் அவை அதிகம் தோன்றும். நோய் பல ஆண்டுகள் முற்றிய சிலருக்கு, அரிதாக, சிறு ரத்தக்குழாய்களிலேயே அழற்சி பரவுகிறது. நகவிளிம்பில் கடுகளவு கருத்த புள்ளிகள். கெண்டைக்காலிலோ கணுக்காலருகிலோ, வெட்டியெடுத்ததுபோன்ற விளிம்போடு ஆறாத புண். விரல்நுனி கருகிப்போவதும் உண்டு. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை வேளையோடு தொடங்கியவர்களிடம் இவை இன்று குறைந்துவிட்டன.

வேளையோடு என்றால் எப்போது? காலையில் விரல்கள் மடங்காமல் விறைத்துநிற்கும் முதல் மாதங்களில். அந்த நேரத்தில் நம் வீடுகளில் அந்த விரல்கள் தோசைக்கல்லருகே இருக்கும்.

அந்த 9 பேரில் யார் காலிலாவது அப்படியொரு புண் இருந்திருக்கலாம். மூட்டையும் தோலையும் சேர்த்துப் பார்க்க மருத்துவத்துக்கு இன்னும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. முதுமை, அழுக்கு, வறுமை என்று எதையாவது எழுதியிருப்பார்கள். சால்பெத்ரியேரில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.