இரண்டாவது பொரிப்பு

ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஏர் ஃப்ரையர் ஓவனின் தட்டில் கொட்டுகிறோமே, அந்த ஃப்ரெஞ்சு ஃப்ரைஸ் பச்சைக் கிழங்கு கிடையாது. ஆலையில் ஒருமுறை சூடான எண்ணெயில் இறங்கி, ஒரு நிமிடம் போல இருந்து, கரையேறி, அந்த நிலையிலேயே உறைந்துபோனது. பெல்ஜியத்தின் தெருமுனைக் கடைகளில் ஃப்ரைஸை இரண்டு முறை பொரிப்பார்கள். முதல் முறை 150 டிகிரி செல்சியஸ் அளவில், உள்ளே வேகும்வரை. பிறகு எடுத்து ஆறவிடுவார்கள். ஆள் வந்து கேட்டதும் 180 டிகிரியில் மறுபடி எண்ணெயில் போட்டு மேலே மொறுமொறுப்பாக்கித் தருவார்கள். இடையில் ஆறவிடும் அந்த நேரத்தை மாதக்கணக்காக நீட்டியதன் பெயர்தான் உறைய வைத்த ஃப்ரைஸ். மிச்சம் இருக்கும் இரண்டாவது பொரிப்பை நாம் வீட்டில் செய்கிறோம், எண்ணெய்க்குப் பதில் காற்றை வைத்து. அந்தக் குச்சி எங்கிருந்து கிளம்பி எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்தால், ஓவனில் அதை எப்படி நடத்த வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

இந்தியக் கடைகளில் கிடைக்கும் ஃப்ரைஸில் பெரும்பகுதி வடக்கு குஜராத்தில் பிறந்தது. பனாஸ்காண்டா, மெஹ்சானா, சாபர்காண்டா மாவட்டங்களின் மணல் கலந்த மண்ணில் தீபாவளி கழிந்ததும் விதைக்கிழங்கு ஊன்றுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் தோண்டி எடுப்பார்கள். பனாஸ் ஆற்றங்கரையில் இருக்கும் டீசா நகரம் உருளைக்கிழங்குக்கே பேர்போனது. இறுக்கமில்லாத மண்ணில் கிழங்கு தடையின்றி நீண்டு வளரும். குளிர்காலத்துப் பகல் வெயிலும் இரவுக் குளிரும் அதில் மாவுச்சத்தைச் சேர்க்கும். ஃப்ரைஸுக்கு இந்த இரண்டும் வேண்டும்: நீளமும் மாவும்.

நாம் சாம்பாருக்கும் பொரியலுக்கும் வாங்கும் கிழங்கில் நீர் அதிகம். ஃப்ரைஸுக்கு எடுக்கும் கிழங்கில் நீர் நீங்கலான பொருள் நூற்றுக்கு 20 பங்காவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உள்ளே மெழுகுபோல் ஆகிவிடும், மேலே எவ்வளவு சூடு காட்டினாலும் தொய்ந்துவிடும். அதனால்தான் இதற்கென்றே தனி ரகங்கள் வந்தன. கனடாவின் ஃப்ரெடரிக்டன் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட ஷெப்பொடி, நெதர்லாந்திலிருந்து வந்த சான்டானா இரண்டும் குஜராத் வயல்களுக்கு வந்து சேர்ந்தன. சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 2009இல் குஃப்ரி ஃப்ரைசோனா என்ற நம் நாட்டு ரகத்தைக் கொண்டுவந்தது. மெக்டொனால்ட்ஸ் 1996இல் இந்தியாவில் கடை திறந்தபோது ஃப்ரைஸ் கப்பலில் வந்து இறங்கியது. இன்று நிலைமை தலைகீழ். 2023-24இல் மட்டும் ஏறத்தாழ 1,35,000 டன் ஃப்ரைஸ் இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்குப் போனது. ஒரு பயிர் ஒரே தலைமுறைக்குள் இப்படித் திசை மாறியதைப் பார்க்கையில், அந்த மண்ணில் சொட்டுநீர்க் குழாய் போட்டு, விதையும் முறையும் மாற்றிக்கொண்ட விவசாயிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

தோண்டிய கிழங்கு ஆண்டு முழுதும் ஆலைக்கு வேண்டுமே, எங்கே வைப்பது? சமையலுக்கான கிழங்கைக் குளிர்பதனக் கிடங்குகளில் 2 முதல் 4 டிகிரியில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. குளிர் அதன் உயிரணுக்களைத் தாக்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள அது செய்யும் வேலை இது. அந்தக் கிழங்கை எண்ணெயில் போட்டால் உள்ளே வேகும் முன்பே மேலே கருத்துவிடும். ஆகவே ஃப்ரைஸ் கிழங்கைச் சற்று வெதுவெதுப்பாக, 8 முதல் 12 டிகிரிக்குள், முளை விடாமல் பார்த்துக்கொண்டு வைப்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் கிடந்த கிழங்கில் வறுவல் போட்டால் பழுப்பும் லேசான இனிப்பும் தட்டுவதற்கும் இதுவே காரணம்.

ஆலைக்குள் நடப்பதுதான் இந்தப் பயணத்தின் நடுப்பகுதி. கழுவிய கிழங்கை அழுத்தக் கலனில் அடைத்து, உயர் அழுத்த நீராவியைச் சில நொடிகள் செலுத்தி, சட்டென்று திறந்துவிடுவார்கள். தோலுக்கு அடியில் இருக்கும் ஈரம் ஒரே கணத்தில் ஆவியாகித் தோலை உதறித் தள்ளிவிடும். கத்தி படாது, சதை வீணாகாது. அடுத்தது வெட்டு. லாம்ப் வெஸ்டன் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் லாம்ப், 1960 வாக்கில் அமெரிக்காவில் இதற்கொரு வழி கண்டுபிடித்தார். குழாயில் பாயும் நீரோடு கிழங்கை வேகமாகச் செலுத்தி, குறுக்கே கட்டம் கட்டமாகப் பொருத்திய அலகுகளில் மோதவிட்டால், மறுபக்கம் நேர்த்தியான குச்சிகளாக வெளியே வரும். நீரின் ஓட்டத்தில் கிழங்கு நீளவாக்கில் திரும்பிக்கொள்வதால் குச்சியும் நீளமாகக் கிடைக்கும். இன்றும் ஆலைகள் அந்த முறையில்தான் ஓடுகின்றன.

வெட்டிய குச்சிகளை 70, 80 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் முக்குவார்கள். கிழங்குக்குக் கிழங்கு மாறும் இயற்கைச் சர்க்கரை அந்த நீரில் கரைந்து போகும். நிறத்தைக் கெடுக்கும் நொதிகள் செயலிழக்கும். மேற்பரப்பில் மாவு வெந்து கூழாகி மெல்லிய படலம் போட்டுக்கொள்ளும். பிறகு தேவைப்பட்டால் அளந்து கரைத்த டெக்ஸ்ட்ரோஸில் ஒரு முக்கு. தாறுமாறாக இருந்த சர்க்கரையை நீக்கிவிட்டு ஒரே அளவாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள், எல்லாக் குச்சியும் ஒரே பொன்னிறமாக வர வேண்டும் என்பதற்காக. பாக்கெட்டின் பின்பக்கத்தில் 450 என்ற எண்ணோடு பாஸ்ஃபேட் உப்பு ஒன்று இருக்கும். கிழங்கில் உள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்தால் வெந்த கிழங்கு சாம்பல் நிறமாகும். அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வது இந்த உப்பின் வேலை.

அடுத்து உலர்த்தல். சூடான காற்றில் ஓடும் பட்டையின் மேல் குச்சிகள் தம் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஈரமாக இழக்கின்றன. வெயிலில் காய்ந்த வத்தல் எண்ணெயில் பட்டதும் பொரிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்: எண்ணெய்க்குப் போகும் முன்பே எவ்வளவு ஈரம் கழிகிறதோ, மொறுமொறுப்பு அவ்வளவுக்கு எளிதாகும். சில வகைகளுக்கு இந்த இடத்தில் மாவுச்சத்தும் அரிசி மாவும் கரைத்த நீர்த்த மாவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு கொடுப்பார்கள். ஓவனில் நன்றாக மொறுமொறுக்கிறது என்று நாம் மெச்சும் ஃப்ரைஸில் பாதிப் புகழ் அந்தப் பூச்சுக்கு உரியது.

பிறகுதான் முதல் பொரிப்பு: 180 டிகிரியை ஒட்டிய எண்ணெயில் ஒரு நிமிடம் போல. மேல்தோலின் நீர் கொதித்து வெளியேறி நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. எண்ணெய் கொஞ்சம் உள்ளே புகுகிறது. 100 கிராம் ஃப்ரைஸில் ஏறத்தாழ 4 முதல் 6 கிராம் கொழுப்பு அப்போதே சேர்ந்துவிடும். எண்ணெயே இல்லாமல் ஏர் ஃப்ரையரில் செய்தேன் என்று நாம் சொல்லும்போது இந்த எண்ணெயை மறந்துவிடுகிறோம். அது மட்டும் இல்லாவிட்டால் ஓவனிலிருந்து காய்ந்த கிழங்குதான் வரும். ஆனாலும் இந்தக் கொஞ்ச எண்ணெயோடு நிறுத்திக்கொள்வதும், அதை மறுபடி எண்ணெயில் போட்டுப் பொரிப்பதும் ஒன்றாகாது. காற்றில் செய்யும்போது கொழுப்பு மேலும் ஏறாது, அந்த வேறுபாடு கணிசமானது.

பொரித்ததும் குளிர்க்காற்று சுழலும் சுரங்கத்துக்குள் அனுப்புகிறார்கள். காற்று உறைநிலைக்குக் கீழே 30, 40 டிகிரி வரை இருக்கும். ஆண்டிஸ் மலைமக்கள் நூற்றாண்டுகளாகக் கிழங்கை உறைய வைத்தவர்கள்தாம். இரவுப் பனியில் கிழங்கைப் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றிக் காயவைத்து, சூன்யோ என்ற நெடுநாள் உணவாக்கினார்கள். அங்கே குளிர் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். பெரிய பனிப்படிகங்கள் உயிரணுக்களைக் கிழிப்பதுதான் அவர்களுக்குத் தேவை. ஃப்ரைஸுக்கு நேர் எதிர். நிமிடங்களில் உறைந்தால் படிகங்கள் சிறியதாக இருக்கும், சதை சிதையாது. வேகமாக உறைய வைக்கும் முறையை லாப்ரடாரில் இனுயிட் மக்கள் பிடிக்கும் மீன் குளிரில் சட்டென்று உறைவதைப் பார்த்து கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ கற்றுக்கொண்டு 1920-களில் தொழிலாக்கினார். ஐடாஹோ மாநிலத்தில் ஜே. ஆர். சிம்ப்ளாட்டின் நிறுவனத்தில் வேதியியலாளர் ரே டன்லப் 1940-களில் அதைக் கிழங்குக்குப் பொருத்திக் காட்டினார். உறைந்த கிழங்கு கூழாகத்தான் போகும் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. முன்கூட்டியே வேகவைத்து, பொரித்து, பிறகு உறைய வைத்ததுதான் டன்லப்பின் வெற்றி.

மெஹ்சானாவிலிருந்து சென்னைக்கு 1,800 கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் -18 டிகிரி குலையக் கூடாது. குலைந்ததா என்று கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். பாக்கெட்டைக் குலுக்கினால் குச்சிகள் தனித்தனியாக உருள வேண்டும். கட்டியாக ஒட்டியிருந்தாலோ, உள்ளே பனித்துகள் நிறைய இருந்தாலோ, எங்கோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பனி கிழங்கின் உள்ளிருந்து வந்தது. ஓவனில் அது நீராகி மேல்தோலை நனைக்கும். அப்படிப்பட்ட பாக்கெட்டை வாங்காமல் விடுவதே நல்லது.

இனி காற்றின் கதை. விசிறி வைத்த ஓவனும் உறைந்த உணவும் கூடப்பிறந்தவை என்றே சொல்லலாம். அமெரிக்காவின் வில்லியம் மேக்ஸன் 1945இல் வேர்ல்விண்ட் ஓவன் என்ற ஒன்றைச் செய்தார். விமானத்தில் உறைந்த சாப்பாட்டுத் தட்டுகளைச் சூடாக்குவதற்கென்றே வடிவமைத்தது, பின்னால் விசிறி சுழன்று சூட்டைப் பரப்பும். அந்த எண்ணத்தைச் சிறிய அறைக்குள், கீழே துளையிட்ட கூடையோடு, வேகமான காற்றோட்டமாகச் சுருக்கியவர் நெதர்லாந்தின் ஃப்ரெட் வான் டெர் வெய். ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பெர்லின் கண்காட்சியில் ஏர் ஃப்ரையர் என்று அதை அறிமுகப்படுத்தியது. கூடையை எடுத்துவிட்டுக் கதவும் தட்டுகளும் வைத்தால் ஏர் ஃப்ரையர் ஓவன்.

காற்று எண்ணெயைவிட மிக மெதுவாகத்தான் சூட்டைக் கைமாற்றும். எண்ணெயில் மூன்று நிமிடத்தில் முடியும் வேலைக்கு இங்கே கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆவது அதனால்தான். அந்த நேரம் எதற்குச் செலவாகிறது? ஒரு கிராம் பனியை உருக்க 334 ஜூல் போதும். அதே ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். சூட்டில் பெரும்பங்கு நீரை விரட்டுவதற்கே போகிறது. மேல்தோலில் நீர் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாதவரை பொன்னிறமும் வராது, மொறுமொறுப்பும் வராது. தட்டில் குவியலாகப் போட்டால் எழும் ஆவிக்குப் போக வழியில்லாமல் பக்கத்துக் குச்சிகளிலேயே படிகிறது. அப்போது ஓவன் இட்லிப் பானையின் வேலையைத்தான் செய்யும்.

ஆகவே ஃப்ரைஸை இளகவிடக் கூடாது, கழுவவும் கூடாது. ஓவனை 200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, ஃப்ரீசரிலிருந்து நேரே போட வேண்டும். குளிர்ந்த ஓவனில் போட்டால் மேல்பனி மெல்ல உருகி, ஆலையில் அவ்வளவு பாடுபட்டு உலர்த்திய தோலை மறுபடி ஊறவைத்துவிடும். துளையில்லாத தட்டைவிட வலைத்தட்டே மேல். கீழிருந்தும் காற்று தொட வேண்டும். ஒரே அடுக்கு, குச்சிகளுக்கு நடுவே இடைவெளி. விரல் பருமன் இருந்தால் 18 முதல் 20 நிமிடம், மெல்லியதென்றால் 12 முதல் 15. கூடை வகையில் குலுக்கிவிடலாம். ஓவன் வகையில் பாதி நேரத்தில் கதவைத் திறந்து கரண்டியால் புரட்ட வேண்டும். திறக்கும்போது தேங்கிய ஆவி வெளியேறுவதும் நல்லதுதான். சூட்டுக்கம்பி மேலே இருப்பதால் மேல்தட்டு முதலில் சிவக்கும். இரண்டு தட்டு வைத்தால் இடம் மாற்றாமல் தீராது. மாவுப்பூச்சு இல்லாத ரகமென்றால் போடும் முன் ஒரு சிறு கரண்டி எண்ணெயைப் புரட்டிவிடலாம். பூச்சு இருந்தால் அது வேண்டியதில்லை. உப்பு கடைசியில், வெளியே எடுத்த சூட்டோடு.

நிறத்தில் மட்டும் பேராசை வேண்டாம். மாவுப்பொருளை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது அதிலுள்ள சர்க்கரையும் அஸ்பராஜினும் சேர்ந்து அக்ரிலமைடு உருவாகிறது என்று ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2002இல் கண்டறிந்தார்கள். பழுப்பு ஏற ஏற அதுவும் ஏறும். வெளிர் பொன்னிறத்தில் நிறுத்தினால் மொறுமொறுப்புக்குக் குறைவில்லை, ஏனென்றால் நீர் அதற்குள் போய்விட்டிருக்கும்.

எடுத்தபின்னும் நீர் சும்மா இருப்பதில்லை. உள்சதையில் மிச்சமிருக்கும் ஈரம் காய்ந்த தோலை நோக்கி நகரத் தொடங்கிவிடும். பத்து நிமிடத்தில் ஃப்ரைஸ் தொய்ந்துவிடும். தட்டு போட்டு மூடினாலும், ஹாட்பாக்ஸில் அடைத்தாலும், குழிந்த கிண்ணத்தில் குவித்தாலும் இன்னும் சீக்கிரம். வீட்டில் ஆறு பேர் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பரிமாற நினைக்காமல், ஒரு தட்டு ஆனதும் அதைக் கொடுத்துவிட்டு, ஓவன் சூடு குறையும் முன் அடுத்த தட்டை உள்ளே வைக்கலாம்.